அப்பா வரைந்த அம்மா

வோல்காஸ்ட்
மார்ச் 4

அன்புள்ள ஹென்னிங்,

நானும் உன் அத்தான் டீட்டரும் நலம். டீட்டரின் முழங்கால் மட்டும் மழைக்கு முந்தின நாளே புலம்ப ஆரம்பித்துவிடுகிறது. உன் உடம்பு எப்படி? உட்கார்ந்து சாப்பிடுகிறாயா, இல்லை நீ படம் வரைகிற அந்தப் பழைய நூற்பாலைக் கூடத்தில் நடந்துகொண்டே ரொட்டியைக் கடிக்கிறாயா?

போனில் சொல்லலாம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டால் அம்மா போனை விடுவதில்லை. நான் பேசினாலும் பக்கத்திலேயே நின்று ஒட்டுக் கேட்கிறாள். தபால் ஆபீஸ் கவுண்டரிலேயே தலை நரைத்தவள் நான், எனக்குக் கடிதம்தான் சுலபம்.

டீட்டரின் நண்பர் வெள்ளிக்கிழமை லாரியில் லைப்சிக் வருகிறார். கம்பளியில் சுற்றி ஒரு பொட்டலம் தருவார். உள்ளே இருப்பது சோபாவுக்கு மேலே மாட்டியிருந்த படம், அப்பா வரைந்த அம்மா. டீட்டர் பல்பு மாற்றுகிறேன் பேர்வழி என்று ஏணியை நகர்த்தி மேல் மூலையில் குத்திவிட்டார். வானத்தில் ஒரு விரல் நீளத்துக்குக் கிழிசல். அம்மா அவரோடு ஒரு வாரம் பேசவில்லை.

இன்னொரு விஷயம். ஜூன் மாதம் அம்மா ஆற்றங்கரை முதியோர் இல்லத்துக்குப் போகிறாள். அவளே எடுத்த முடிவு, என்மேல் பாயாதே. அந்த அறைச் சுவரில் ஒரே ஒரு ஆணிதான் அடிக்கலாம் என்று அங்கே விதி. எதை மாட்டுவது என்று அவளிடம் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. "அந்தப் படம் இல்லாம நான் அந்த ரூமுக்குள்ள கால் வைக்க மாட்டேன்" என்று இல்லத்து மேலாளரிடமே சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

அதனால் கிழிசலை மட்டும் ஒட்டு. அம்மா சொல்லச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "என் மூஞ்சி மேல ஒரு பொட்டுப் பெயிண்ட் பட்டாலும் அவனைத் தொலைச்சிடுவேன்னு எழுது."

நீ கிளம்பி வர வேண்டாம். வீடு முழுக்க அட்டைப் பெட்டிகள், உட்கார இடமில்லை. அம்மாவுக்கு ஒரு பல்லைப் பிடுங்கியிருக்கிறது, பேச்சு கொஞ்சம் குழறும். கிண்டல் செய்து வைக்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா
ரோஸ்விதா

*

லைப்சிக்
மார்ச் 16

அன்புள்ள ரோஸ்விதா,

டீட்டரின் முழங்காலுக்கு என் மரியாதையைச் சொல். எனக்கு இருமல் போய்விட்டது. சாப்பாடு நின்றபடிதான். உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன், எழுந்தால் நடக்கிறேன், நடந்தால் ஏதாவது ஒரு படத்தின் முன்னால் போய் நிற்கிறேன். கூடத்தில் இப்போது ஒன்பதோ பத்தோ ஈரமாக நிற்கின்றன. செப்டம்பரில் கொலோனில் கண்காட்சி. அதை நடத்துகிற லியோனி தினமும் கூப்பிட்டு, "முடிஞ்சதா, முடிஞ்சதா?" என்கிறாள். அடுப்பில் இருப்பது முட்டை என்று நினைத்துவிட்டாள் போல.

படம் பத்திரமாக வந்து சேர்ந்தது. அதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். நம் அப்பா எவ்வளவு பொறுமையான மனிதர்! பாலத்துக் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு அம்மா, வெள்ளைப் புள்ளி போட்ட நீலச் சட்டை, தலைக்குட்டை, ஒவ்வொரு புள்ளியும் வட்டமாக. வாய் மட்டும் புகைப்படக்காரன் 'சிரிங்க' என்று சொன்ன மாதிரி. நான் ஒரு வாய் வரைந்தால் அதில் ஒரு ரொட்டித் துண்டையே நுழைக்கலாம் என்று நீதானே சொல்வாய்.

கிழிசலுக்குப் பின்னால் லினன் துண்டு ஒட்டியாயிற்று. காய்ந்ததும் முன்பக்கம் சமன் செய்து, வானத்தில் வண்ணம் ஒரு தீற்று. ஒரு வாரம் போதும். முகத்தைத் தொட மாட்டேன் என்று அம்மாவிடம் சொல்.

உன் ஹென்னிங்

*

லைப்சிக்
ஏப்ரல் 8

அன்புள்ள ரோஸ்விதா,

எல்லோரும் சுகமா? உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. பெட்டி கட்டுகிற வேலையாக இருக்கும்.

படத்தில் ஒரு சின்னச் சிக்கல். அப்பா வானத்துக்கு அடித்திருப்பது ஓவியர்களின் வண்ணமே இல்லை. அவர் வேலை பார்த்த கப்பல் கட்டும் தளத்தில் போர்க்கப்பலுக்கு அடிக்கும் சாம்பல் பெயிண்ட். ஜாம் புட்டியில் வீட்டுக்குக் கொண்டு வந்து கொஞ்சம் நீலம் கலந்து அடித்திருக்கிறார் மனுஷன். நம் தோட்டத்துக் கொட்டகை, முயல் கூண்டு, உன் சைக்கிள் எல்லாம் இதே நிறம்தானே, ஞாபகம் இருக்கிறதா? இப்போது அந்தப் பெயிண்டை யாரும் செய்வதில்லை. நான் என்ன கலந்தாலும் ஒட்டுப் போட்ட இடம் பளிச்சென்று தெரிகிறது. அதனால் மூலையை மட்டும் கொஞ்சம் விரித்து அடித்தேன். அப்புறம் மற்ற மூலையையும்.

கவலைப்படாதே. வானம்தானே.

அம்மாவின் பல் என்ன ஆயிற்று? நேற்றும் போனில் சூடான உருளைக்கிழங்கை வாயில் வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரிதான் இருந்தது. கேட்டதற்கு, "நீ உன் காதைக் கழுவு" என்று வைத்துவிட்டாள்.

உன் ஹென்னிங்

*

வோல்காஸ்ட்
ஏப்ரல் 19

அன்புள்ள ஹென்னிங்,

நாங்கள் சுகம்தான். நீயும் சுகமாக இருக்க வேண்டும், ஏனென்றால் உன்னைத் திட்டுவதற்கு நீ தெம்பாக இருப்பது அவசியம்.

வானம்தானே என்றால் என்ன அர்த்தம்? ஒட்டச் சொன்னேன், ஒட்டினாய், அதோடு முடிந்தது. ஒட்டுத் தெரிந்தால் தெரியட்டும். டீட்டரின் கால்சட்டையில் கூடத்தான் ஒட்டு இருக்கிறது, அதற்காக இன்னொரு டீட்டரைத் தைக்கிறோமா?

அம்மா தினமும் கேட்கிறாள். சோபாவுக்கு மேலே சுவர்த்தாளில் அந்தப் படம் இருந்த இடம் மட்டும் நிறம் மங்காமல் சதுரமாக நிற்கிறது. அவள் எதிரில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அந்தச் சதுரத்தைப் பார்த்தபடி இருக்கிறாள்.

நீ ஹாம்பர்க்கை மறந்திருக்கலாம், அவள் மறக்கவில்லை. தேவாலயத்துப் பெண்கள் குழு பஸ் பிடித்துச் சுற்றுலா போனது. முதலில் மியூசியம், பிறகு காபியும் கேக்கும் என்று திட்டம். அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. அடுத்த கூடத்துக்குள் நுழைகிறாள், எதிரே சுவர் உயரத்துக்கு நீ வரைந்த அப்பா. ஆஸ்பத்திரிப் படுக்கையில், கடைசி நாளில், வாயைத் திறந்தபடி. சுற்றிக்காட்டிய பெண் அந்த வாயைப் பற்றிக் கால் மணி நேரம் விளக்கினாளாம். குழுவில் ஒருத்தி, "எல்ஃப்ரீடே, இது உங்க எர்வின் இல்ல?" என்று கேட்டாளாம். அம்மா காபிக்குப் போகாமல் பஸ்ஸிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பா படுத்திருக்கும்போது நீ பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தாய் என்றுதான் அதுவரை அவள் நம்பியிருந்தாள். நீ பென்சிலைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாய்.

அதனால் அந்தப் படத்தை அப்படியே அனுப்பு. பல் ஆறிக்கொண்டு வருகிறது. வயதானால் மெதுவாகத்தான் ஆறும்.

ரோஸ்விதா

*

லைப்சிக்
மே 7

அன்புள்ள ரோஸ்விதா,

சுகமாக இருக்கிறாயா? இங்கே சந்தையில் அஸ்பாரகஸ் வந்துவிட்டது. இரண்டு கட்டு வாங்கி, வேக வைத்து, அடுப்பை அணைக்க மறந்து, சட்டியைத் தூக்கிப் போட்டேன். லியோனி வந்து பார்த்துவிட்டுப் போனாள். "பெரிய படங்கள் சரி, ஆனா அந்தச் சுவரோரம் திருப்பி வச்சிருக்கிற சின்னது என்ன?" என்று கேட்டாள். "அது கணக்கில் இல்லை" என்றேன். அவள் திருப்பப் போனாள். நான் கத்திவிட்டேன். பாவம், கையிலிருந்த காபியைத் தன் காலணியிலேயே கொட்டிக்கொண்டாள்.

தூக்கம் சரியில்லை. காலை எழுந்ததும் நகரத்தைச் சுற்றி வாய்க்கால் ஓரமாக நடக்கிறேன். திரும்பி வந்தால் தூரிகையை எடுக்காமல் இருக்க முடியவில்லை. எடுத்தால் வைக்க முடியவில்லை. நீ கேட்டது காய்ந்துகொண்டிருக்கிறது. எண்ணெய் வண்ணம் மெதுவாகத்தான் காயும், அப்பாவே சொல்வாரே, "ஒரு பூச்சு காயாம அடுத்ததை அடிச்சா கப்பலே தோலுரிஞ்சிடும்டா" என்று.

டீட்டருக்கு வணக்கம். உங்கள் தோட்டத்தில் செர்ரி பூத்துவிட்டதா?

ஹென்னிங்

*

வோல்காஸ்ட்
மே 20

ஹென்னிங்,

செர்ரி பூத்து, உதிர்ந்து, நான் பெருக்கியும் ஆயிற்று. ஒரு மூலை வானம் காய இரண்டு மாதமா? அப்பா மொத்தப் படத்தையும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் முடித்தார்.

ஜூன் பதினொன்றாம் தேதி அம்மா இடம் மாறுகிறாள். வரும் சனிக்கிழமை டீட்டர் வண்டியோடு வருகிறார். படத்தைக் கட்டி வை. கட்டாவிட்டாலும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.

ரோஸ்விதா

*

லைப்சிக்
மே 23

அன்புள்ள ரோஸ்விதா,

டீட்டரை அனுப்பாதே. அவர் வந்தாலும் நீ கேட்கிற படம் இங்கே இல்லை.

திட்டுவதற்கு முன் கேள். வானத்தை முழுக்க அடித்தேன். உடனே வானம் என்னுடையதாகவும் சட்டை அப்பாவுடையதாகவும் ஆகிவிட்டது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசுகிற மாதிரி சத்தம். சட்டையைக் கொஞ்சம் அடக்கினேன். தோள் முறைத்தது. தோளைத் தொட்டேன். கழுத்தில் நிறுத்திவிடுவேன் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக ஒரு வாரம் நிறுத்தியும் இருந்தேன். முகத்தின் மேல் ஒரு துணியைத் தொங்கவிட்டுவிட்டு மற்றப் படங்களில் வேலை செய்தேன்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை வரும். அம்மாவோடு பேசுவேன். போனை வைத்ததும் கால் தானாக அங்கேதான் போகும். துணியைத் தூக்குவேன். அந்தச் சிரிப்பு அங்கே இருக்கும். என் காதில் இன்னும் கேட்டுக்கொண்டிருந்த குரல் அந்த வாயிலிருந்து வந்திருக்கவே முடியாது. ஒரு ஞாயிறு, கத்தியை எடுத்துச் சுரண்டிவிட்டேன். அடியில் இருக்கும் கான்வாஸ் தெரிகிற வரைக்கும். அதனால் மேலே இருப்பதை அழித்து அப்பாவுடையதை மீட்கலாம் என்று நினைக்காதே, அடியில் எதுவும் இல்லை. பிறகு அடுத்தடுத்த ஞாயிறுகளில் கையாலேயே போட்டேன். தூரிகை சொன்னதைக் கேட்கவில்லை. வாயின் ஓரத்தைக் கட்டைவிரலால் கீழே இழுத்தபோதுதான் படம் அடங்கியது, நானும் அடங்கினேன். ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

நான் வரைந்ததிலேயே நல்ல முகம் அதுதான் என்று சொன்னால் நீ இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுவாய். அதனால் சொல்லவில்லை.

அம்மாவிடம் என்ன சொல்லலாம்? லாரியில் தொலைந்துவிட்டது என்று சொல்லலாமா?

ஹென்னிங்

*

வோல்காஸ்ட்
மே 28

ஹென்னிங்,

உன் நலம் விசாரிக்க இன்று எனக்கு மனமில்லை.

பல் இல்லை. ஜனவரியில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. காலையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே போட்டாள். எடுக்கக் குனிந்தவள் எழவில்லை. கிராய்ஃப்ஸ்வால்டு ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். கால் திரும்பிவிட்டது, கை திரும்பிவிட்டது. முகம் திரும்பவில்லை. இடது பக்கம் வாயும் கண்ணும் இறங்கிப்போய் அப்படியே நின்றுவிட்டன.

கண் விழித்ததும் என்னைக் கூப்பிட்டுச் சத்தியம் வாங்கினாள். குழறிக் குழறி, மூன்று தடவை சொன்னாள். "அவன்கிட்ட சொல்லாத. தெரிஞ்சா பென்சிலத் தூக்கிட்டு வந்துடுவான். அப்பறம் இந்த வாய எங்கயாவது சுவத்துல மாட்டுவாங்க, அந்தப் பொம்பளைங்க காபி குடிச்சிட்டு வந்து பாப்பாளுங்க." அதனால்தான் உன்னை வராதே என்று எழுதினேன். ஒவ்வொரு கடிதத்திலும் பல், பல் என்று பொய் எழுதி எனக்கே பல் வலித்தது.

வீட்டுக்கு வந்ததும் குளியலறைக் கண்ணாடியைக் கழற்றச் சொன்னாள். கூடத்துக் கண்ணாடியையும். அவள் பார்த்துக்கொண்டிருந்த ஒரே முகம் அப்பா வரைந்ததுதான், ஹென்னிங். காலையில் அதன் எதிரில் உட்கார்ந்து தலை வாரிக்கொள்வாள். புகைப்படங்களும் இருக்கின்றனதான். ஆனால் "போட்டோல இருக்கிறது நான், அதுல இருக்கிறது உங்கப்பா பாத்த நான்" என்று முன்பு ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறாள். அதைத்தான் நீ கத்தியால் சுரண்டியிருக்கிறாய்.

தொலைந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். என் கையிருப்புப் பொய் தீர்ந்துவிட்டது. "ஹென்னிங் அதன் மேல் வரைந்துவிட்டான்" என்று இன்று காலை சொன்னேன். சுவரில் இருந்த அந்தச் சதுரத்தைப் பார்த்தாள். பிறகு, "எதுவா இருந்தாலும் கொண்டு வரச் சொல்லு. என் படம் அது" என்றாள்.

டீட்டர் சனிக்கிழமை வருகிறார். கொடுத்துவிடு.

ரோஸ்விதா

*

வோல்காஸ்ட்
ஜூன் 13

ஹென்னிங்,

அம்மா இடம் மாறியாயிற்று. உடம்புக்குக் குறையில்லை. எனக்குத்தான் குறை.

படத்தை நான்தான் பிரித்தேன். டீட்டர் வண்டியை விட்டு இறங்கும்போதே, "நான் எதுவும் பாக்கல, நான் டிரைவர் மட்டும்தான்" என்று தோட்டத்துக்குப் போய்விட்டார். சோபாவில் சாய்த்து வைத்தேன். சிவப்பும் பச்சையுமாக, பாலத்தையே காணோம், சட்டையில் புள்ளிகள் காயம் மாதிரி. அந்த வாய். நான் ஒவ்வொரு வேளையும் துண்டால் துடைத்துவிடுகிற வாய் அது.

அம்மா பக்கத்தில் போய்ப் பார்த்தாள். கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"சொல்லிட்டல்ல."

"இல்லம்மா. சத்தியமா சொல்லல. அவன் இதை முடிச்சப்பறம்தான் எழுதினேன், அதுவும் இப்பதான்."

"பொய் சொல்லாத. பாத்த மாதிரி போட்டிருக்கான். நீ சொன்னதையும் ஒழுங்கா சொல்லல, இடது பக்கத்த வலதுன்னு மாத்திச் சொல்லியிருக்க."

"அம்மா, நான்..."

"தபால் ஆபீஸ்ல இருந்தவ. ஊர் ரகசியம் எல்லாம் உன் கைல இருந்துச்சு, ஒண்ணக்கூட நீ வெளில விட்டதில்ல. என்னோடத மட்டும் வித்துட்ட."

அவ்வளவுதான். அதிலிருந்து என்னோடு பேசுவதில்லை. இல்லத்தில் கொண்டு போய் விட்டபோது டீட்டரின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். நேற்றுத் துணி மடித்து வைக்கப் போனேன், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஐந்து மாதமாக அவளுக்கு ஊட்டி, துடைத்து, உன்னிடம் பொய் சொல்லி, கடைசியில் இந்தப் பெயர் எனக்கு.

அவளுக்கு எழுது. நான் சொல்லவில்லை என்று எழுது. வேறு எதையும் நான் உன்னிடம் கேட்கவில்லை.

ரோஸ்விதா

*

லைப்சிக்
ஜூன் 18

அன்புள்ள அம்மா,

புது அறையில் உனக்கு வசதியாக இருக்கிறதா? ஜன்னலிலிருந்து ஆறு தெரிகிறது என்று டீட்டர் சொன்னார். வேளைக்குச் சாப்பிடு, மருந்தைத் தவற விடாதே.

ரோஸ்விதா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளை நீ தண்டிப்பது அநியாயம். அவள் எனக்கு எழுதியதெல்லாம் பல், பல், பல்தான். வேண்டுமானால் அத்தனை கடிதங்களையும் அனுப்புகிறேன், நீயே படித்துப் பார்.

எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அம்மா. எனக்குக் கேட்டது. ஜனவரிக் கடைசியிலேயே கேட்டது. அதற்கு முன்பு ஒரு ஞாயிறு ரோஸ்விதா நீ தூங்குவதாகச் சொன்னாள், அடுத்த ஞாயிறும் சொன்னாள். பிறகு நீ பேசினாய். பல் போனவர்கள் அப்படிப் பேசுவதில்லை. காற்று ஒரு பக்கமாகப் போனது. சில எழுத்துகள் வாய்க்குள்ளேயே வழுக்கின. நீ சிரித்தபோது பாதிச் சிரிப்புதான் போனில் வந்தது. படம் வந்த பிறகு ஒவ்வொரு வாரமும் அதைக் கேட்டுவிட்டுப் படத்தின் முன்னால் போய் நின்றேன், கை தானாகப் போட்டது. கண்ணால் பார்க்காமல், காதால் கேட்டே ஒரு வாயைப் போட்டிருக்கிறேன். இத்தனை வருடமாக நான் தேடியது இதைத்தான் என்று தோன்றுகிறது. அந்தப் படத்தில் பொய் இல்லை, அதை மட்டும் நம்பு.

அது உன் படம். கொலோனுக்குப் போகாது, எந்தச் சுவருக்கும் போகாது. லியோனி கெஞ்சினாள், முடியாது என்று சொல்லிவிட்டேன்.

இப்போது மூச்சு விட நேரமில்லை. இன்னும் நாலு பெரிய படங்கள் என்னைத் தூங்க விடாமல் நிற்கின்றன. செப்டம்பரில் கண்காட்சி திறந்ததும் கட்டாயம் வருகிறேன்.

ரோஸ்விதாவோடு பேசு.

உன் மகன்
ஹென்னிங்

*

வோல்காஸ்ட், முதியோர் இல்லம்
ஜூலை 2

அன்புள்ள ஹென்னிங்,

நான் இருக்கிறேன். ஆறு தெரிகிறது, காபி தண்ணீராக இருக்கிறது, மற்றதெல்லாம் பரவாயில்லை. இருமல் போய்விட்டது என்று ரோஸ்விதா சொன்னாள். சந்தோஷம்.

ஆமாம், அவளோடு பேசிவிட்டேன். உன் கடிதத்தைப் படித்ததும் அவளைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். கேட்டு எனக்குப் பழக்கமில்லை, சரியாக வரவில்லை. அவள் அழுதாள், பிறகு என் ஜன்னலை இரண்டு தடவை துடைத்தாள்.

எர்வின் வரைந்ததை நீ அழித்ததற்கு நான் அழுதேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? மூன்று ஞாயிறு கால் கடுக்க அந்தப் பாலத்தில் நின்றேன், உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு. அவர் முகத்தைச் சுளித்துச் சுளித்து ஒவ்வொரு புள்ளியாக வைத்தார். அந்த ஞாயிறுகளை நீ சுரண்டிவிட்டாய். அது ஆற நாளாகும். ஆறாமலும் போகலாம்.

உன் படத்தை மாட்டியாயிற்று. ஒரே ஆணிதான், அதனால் யோசித்தேன். முதலில் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன். பக்கத்து அறையில் பாகல் என்று ஒருத்தி. கதவைத் தட்டாமல் நுழைவாள், எதையும் கிளறுவாள். ஒருநாள் அதை இழுத்துப் பார்த்துவிட்டு, "அட, இது நீங்கதான!" என்றாள். கொஞ்சமும் யோசிக்கவில்லை. இங்கே இருப்பவர்கள் யாருக்கும் பாலத்தில் நின்ற பெண்ணைத் தெரியாது. அவர்களுக்கு நான் இதுதான். சரி என்று டீட்டரை வரச் சொல்லி மாட்டினேன். படம் அழகாக இல்லை. ஆனால் நன்றாக இருக்கிறது. உன் அப்பாவுக்கு என் சிரிப்புதான் தெரியும், நான் எவ்வளவு பிடிவாதக்காரி என்பது உன் படத்தில்தான் இருக்கிறது. இதை நான் சொன்னேன் என்று கொலோனில் போய்ச் சொல்லாதே.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன்.

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். ஜனவரியிலேயே உனக்குக் கேட்டிருக்கிறது. பல் இல்லை என்று தெரிந்திருக்கிறது. அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது, மறைக்கிறார்கள் என்று புரிந்திருக்கிறது. அதைப் பெருமையாக எழுதியிருக்கிறாய். கேட்டுவிட்டு நீ என்ன செய்தாய்? போனை வைத்துவிட்டு, அப்பா வரைந்த என்னிடம் போய் நின்றாய். ஞாயிறு தவறாமல் நின்றாய். உன் அம்மாவின் வாய் கோணியிருக்கிறது என்று கண்டுபிடிக்க உனக்கு நாலு மாதம் பிடித்தது. ரயிலேறி, சூசோவில் வண்டி மாறி வந்து கதவைத் தட்டியிருந்தால் ஒரே நாளில் பார்த்திருப்பாய்.

நான் ரோஸ்விதாவிடம் சத்தியம் வாங்கியது எதற்கு? நீ பென்சிலோடு வந்து நிற்பாயே என்ற பயத்தில். ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு கதவு திறக்கும்போதெல்லாம் பயந்தேன். நீ வராமலேயே இருப்பாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை, ஹென்னிங். அப்படி ஒரு பயம் எனக்கு வந்ததே இல்லை. பென்சிலோடாவது வந்திருக்கலாம்.

செப்டம்பர் என்கிறாய். உன் படங்கள் ஈரமாக நிற்கட்டும், காய்ந்தால் காயட்டும். வியாழக்கிழமை மதியம் இங்கே மீன். என் மேசையில் இன்னொரு தட்டு வைக்கச் சொல்லிவிட்டேன்.

அம்மா